மினசோட்டா மாப்பிள்ளையை விசாரித்தது

அஜின்கோர்ட், ரொறன்ரோ
12 ஓகஸ்ட் 2024

அன்புள்ள ரதி,

நானும் சாம்பவியும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விடு. உன்னுடைய பிரஷரும் செல்வரட்ணத்தின் சீனி வருத்தமும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

சித்தியின் மகளுக்குப் போன் எடுக்காமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் சாம்பவிக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் விடிய முன்னம் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும். கடிதம் என்றால் வாசித்துவிட்டுக் கிழிக்கலாம். அவள் வேலைக்குப் போன பிறகுதான் இங்கே தபால் வரும். நீயும் கடிதத்திலேயே பதில் எழுது.

சாம்பவிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. ஒஷாவாவில் இருக்கும் திலகேஸ்வரியின் மகன் கிருபன். வயது முப்பத்தாறு. நீங்கள் இந்த வருஷம் குடிபோன பெமிட்ஜியிலேயே ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை செய்கிறானாம். ரொறன்ரோவில் இல்லாத ஆஸ்பத்திரியா? படித்த பையன் ஒருவன் காட்டுக்குள் போய் ஒன்பது வருஷம் ஒளிந்திருக்கிறான் என்றால் ஒரு காரணம் இருக்கும்.

சாம்பவிக்கு முப்பத்திநாலு. லண்டன் மாப்பிள்ளை ஏற்கெனவே பதிவுத் திருமணம் செய்தவன் என்பது கலியாணக் கார்ட் அடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டும் பேச்சோடு நின்றுபோயின. சூடு கண்ட பூனை நான். இந்த முறை முதலில் விசாரணை, பிறகுதான் மற்றதெல்லாம். விசாரித்து முடியும்வரை பிள்ளைகள் இருவருக்கும் மற்றவரின் போன் நம்பர் கொடுப்பதில்லை என்று திலகேஸ்வரிக்குச் சொல்லிவிட்டேன். அவவும் ஓம் என்றா.

அவன் குடிக்கிறானா, யாரோடு திரிகிறான், வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று பார்த்து எழுது. நீ எங்கள் ஆள் என்று அவனுக்குத் தெரியக்கூடாது.

அன்பு அக்கா,
பேபி


பெமிட்ஜி, மினசோட்டா
29 ஓகஸ்ட் 2024

அன்பின் பேபி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவுங்கள். இவருக்குச் சீனி பரவாயில்லை, எனக்குப் பிரஷர் உங்கள் கடிதம் வந்த பிறகு கொஞ்சம் கூட.

கிருபனை மருந்துக் கவுண்டரில் முன்பே கண்டிருக்கிறேன். மெல்லிய ஆள், கண்ணாடி, மெதுவான கதை. நீங்கள் கேட்டதற்காகப் போன ஞாயிறு அவருடைய காருக்குப் பின்னால் போனேன். அவர் ஒரு சேர்ச்சின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கி, மற்ற ஆட்களின் கார்க் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே ஒரு பை வைத்தார். கள்ளன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் எங்கள் காரிலும் ஒரு பை. உள்ளே வெள்ளரிக்காய் மாதிரி இரண்டு சுக்கினிக் காய், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் விளங்கியது. இங்கே ஓகஸ்டில் தோட்டமெல்லாம் சுக்கினியாய்க் காய்த்துத் தள்ளுமாம். தின்று முடியாது. அதனால் பூட்டாத கார்களில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்களாம். வருஷம் முழுக்கக் காரைப் பூட்டாத சனம், ஓகஸ்டில் மட்டும் சுக்கினிக்குப் பயந்து பூட்டுகிறது. நான் பால்கறி வைத்தேன். நன்றாக இருந்தது.

தங்கை,
ரதி


அஜின்கோர்ட்
16 செப்ரெம்பர் 2024

அன்புள்ள ரதி,

எங்கள் பாடு போகிறது. உங்கள் பாடும் குறையில்லாமல் போகட்டும்.

நான் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் நீ மரக்கறி பற்றி எழுதுகிறாய். கேட்காமல் கொடுக்கிறவன் பின்னுக்கு எதையோ கேட்பான். அதுவும் சேர்ச்சில் அவனுக்கு என்ன வேலை? மதம் மாறிவிட்டானா? திலகேஸ்வரி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கு வெள்ளி நிற்கிறவ. மகன் அங்கே ஞாயிற்றுக்கு ஞாயிறு சேர்ச்சில் நிற்கிறான் என்றால் அவவுக்கே தெரியாதோ, தெரிந்தும் மறைக்கிறாவோ?

பெண்கள் விஷயம் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

சாம்பவி நேற்று, "அம்மா, ஒஷாவாக்காரர் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள். "விசாரிக்கினம்" என்றேன். அவள் போய்த் தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினாள்.

பேபி அக்கா


பெமிட்ஜி
4 ஒக்ரோபர் 2024

அன்பின் அக்கா,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாங்கள் இருவரும் தடிமனோடு இருக்கிறோம், வேறு குறையில்லை. உங்களுக்கும் சாம்பவிக்கும் சுகத்துக்குக் குறை வராதிருக்கட்டும்.

சேர்ச்சில் ஞாயிறு மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு. சமயம் பார்ப்பதில்லை, நாங்களும் போனோம். கடைசித் துண்டு கேக்கை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். பாதியாய் வெட்டி எடுப்பார்கள், அந்தப் பாதியை இன்னொருவர் பாதியாய் வெட்டுவார். கடைசியில் விரல் நகமளவு துண்டு தட்டில் கிடந்தது. இவர் அதை எடுத்து வாயில் போட்டுவிட்டார். மேசையில் எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பெண்கள் விஷயம் கேட்டீர்கள். கண்டதை மறைக்காமல் எழுதுகிறேன். கிருபனுடைய காரின் முன்சீற்றில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் அடியில் ஒட்டுநாடா ஒட்டி 'டெபி' என்று எழுதியிருந்தது. அந்தப் பாத்திரத்தோடு அவர் ஒரு வீட்டுக்குப் போனார். திரும்பி வெளியே வரும்போது வாசலில் நின்று கதைத்தார்கள். பிறகு படியில் நின்று கதைத்தார்கள். பிறகு கார்க் கண்ணாடியை இறக்கிக் கதைத்தார்கள். ஒரு மணித்தியாலம்.

டெபிக்கு எழுபத்தொரு வயது. கிருபனுக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தபோது ஹொட்டிஷ் செய்து கொண்டுபோய்க் கொடுத்தவ. இறைச்சியும் சூப்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு அடுக்கிப் போறணையில் வேகவைக்கிற சாப்பாடு அது. பாத்திரம் தவறாமல் திரும்பி வரத்தான் அடியில் பெயர் ஒட்டுகிறார்கள். இந்த ஊரில் போயிட்டு வாறன் என்று சொன்னால் அதற்குப் பிறகுதான் கதையே தொடங்கும்.

ரதி


அஜின்கோர்ட்
21 ஒக்ரோபர் 2024

அன்புள்ள ரதி,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். நாங்கள் சுகம்.

எழுபத்தொரு வயது என்று உனக்கு யார் சொன்னது? அவவின் அடையாள அட்டையைப் பார்த்தாயா? எழுபத்தொரு வயது மனுஷிக்கு மகள் இருக்கமாட்டாளா? மகளுக்குச் சிநேகிதி இருக்கமாட்டாளா? வெறும் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வரவேண்டியவனுக்கு வாசலில் ஒரு மணித்தியாலம் என்ன கதை? நான் திலகேஸ்வரியோடு மூன்று மாதத்தில் அவ்வளவு கதைத்ததில்லை.

நீ எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறாய். அதுதான் எனக்கு இன்னும் யோசனை. அடுத்த முறை விளக்கம் வேண்டாம், கண்டதை மட்டும் எழுது.

பேபி அக்கா


பெமிட்ஜி
11 நவம்பர் 2024

அன்பின் அக்கா,

சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை கிருபன் தலையிலிருந்து இடுப்புவரை தோடம்பழ நிறத்தில் பளிச்சென்ற ஒரேஞ்ச் உடுப்புப் போட்டுக்கொண்டு, துவக்கு வைத்திருந்த ஐந்து ஆண்களோடு ஒரு பெரிய வாகனத்தில் ஏறிக் காட்டுக்குள் போனார். ஞாயிறு இரவுதான் திரும்பி வந்தார்.

விளக்கம் எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் எனக்கு நித்திரை வராது. மான் வேட்டை தொடங்கிய நாள் அது. கடைகளில்கூட ஆளில்லை, ஒருவரை ஒருவர் மான் என்று சுடாமலிருக்க ஊர் முழுக்கத் தோடம்பழ நிறத்தில் திரிந்தது. கிருபன் சுடுவதில்லை. வேட்டைக்காரருக்குக் கோழிக்கறி காய்ச்சத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். போன வருஷம் உறைப்புக் கூடி ஒருவர் அழுதாராம்.

ரதி


அஜின்கோர்ட்
24 டிசம்பர் 2024

ரதி,

ஒரு மாதத்துக்கு மேல் தபால் வேலைநிறுத்தம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் நவம்பர் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது.

துவக்கு! ஊரை விட்டு ஏன் ஓடி வந்தோம்? சமையற்காரன் என்று சொல்லுகிறாய். துவக்கு உள்ள இடத்தில் நிற்பவன் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவான்.

தபால் நின்ற அந்த நாட்களில் நீ ஒரு போன்கூட எடுக்கவில்லை. எடுக்கவேண்டாம் என்று சொன்னது நான்தான். ஆனாலும் சொன்னதை இவ்வளவு ஒழுங்காய்க் கேட்கிற ஆள் நீ இல்லையே. என்ன நடந்தது?

திலகேஸ்வரி இரண்டு தரம் கேட்டுவிட்டா, விசாரணை முடிந்ததா என்று. அவவுக்கு என்ன அவசரம்?

பேபி அக்கா


பெமிட்ஜி
8 ஜனவரி 2025

அன்பின் அக்காவுக்கு,

புதுவருஷம் உங்களுக்கும் சாம்பவிக்கும் நல்லதாய் அமையவேண்டும். இங்கே மைனஸ் இருபத்தெட்டு. மூச்சு விட்டால் மூக்குமயிர் உறைகிறது.

நீங்கள் சரியாய்த்தான் பிடித்தீர்கள். ஒன்றை மறைத்துவிட்டேன். டிசம்பர் நடுவில் கிருபனுடைய காருக்குப் பின்னால் ஏரிக்கரைக்குப் போனேன். அவர் காரை அப்படியே உறைந்த ஏரிக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். நான் பயந்து பிரேக்கை அழுத்தினேன், கார் சறுக்கிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. திரும்பி வந்து கயிறு கட்டி இழுத்தது அவர்தான். இழுத்து முடித்துவிட்டுக் கையுறையைத் தட்டிக்கொண்டு கேட்டார்:

"அன்ரி, ஓகஸ்ட் மாசத்தில இருந்து உங்கட நீலக் கார் எனக்குப் பின்னால வருது. ஏதும் உதவி வேணுமோ?"

"ஓகஸ்டில இருந்து தெரியுமோ? ஏன் தம்பி அப்பவே கேக்கேல்லை?"

"இஞ்சத்தை ஆக்கள் அப்பிடிக் கேக்கமாட்டினம். நானும் பழகிப்போட்டன்."

அக்கா, நான் அழுதேவிட்டேன். பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்க ஏரிக்கு மேல் சின்ன மரவீடு ஒன்று வைத்திருக்கிறார். அதற்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஹீற்றர், இரண்டு கதிரை, நிலத்தில் இரண்டு ஓட்டை, ஓட்டைக்குள் தூண்டில். போத்தல் ஒன்றும் இல்லை. பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீர் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிக்கவில்லை. "வீட்டையும் வந்து பாருங்கோ அன்ரி, அலுமாரியும் திறந்து பாருங்கோ" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போய்ப் பார்த்தேன். ஒழுங்கான வீடு.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்னைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறியள். சாம்பவிக்கு என்னோட கதைக்க விருப்பமோ எண்டு ஆரும் கேட்டனீங்களோ?"

விசாரணை முடிந்தது அக்கா. குறை ஒன்றும் இல்லை. போன் நம்பரைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

உங்கள்
ரதி


அஜின்கோர்ட்
20 ஜனவரி 2025

ரதிக்கு,

நாங்கள் சுகம்.

குறையே இல்லாத மனிதன் என்று ஒருவன் பிறக்கவில்லை. அப்படி ஒருவனை ஒருத்தி காட்டினால், காட்டுகிறவளைத்தான் பார்க்கவேண்டும். ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீருக்கு நீ விலைபோய்விட்டாய். இல்லை, அதற்கு மேலும் இருக்கிறதோ? உன் மகள் அட்சயா மினியாபொலிஸில் நேர்சாக இருக்கிறாள். வயது இருபத்தேழு. நல்ல பையன், ஒழுங்கான வீடு, அலுமாரிவரை திறந்து பார்த்தாயிற்று. எனக்காகத்தான் பார்த்தாயோ, உனக்காகப் பார்த்தாயோ?

வேலியே பயிரை மேய்ந்த கதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பேபி


அஜின்கோர்ட்
24 பெப்ரவரி 2025

அன்புள்ள ரதி,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் செய்கிறதா? நான் எழுதியது கொஞ்சம் கூடிப்போச்சு. என் வாய் உனக்குத் தெரியும்தானே. சின்னனிலிருந்தே இப்படித்தான்.

ஒஷாவாப் பக்கமும் பேச்சுமூச்சில்லை. யாரோ மொட்டைக்கடிதம் போட்டிருப்பார்கள். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா. சரி, விடு. இதுவும் சரிவராது போலத்தான் இருக்கிறது. சாம்பவிக்கு நான் பக்குவமாய்ச் சொல்லுகிறேன், நீ ஒன்றும் சொல்லவேண்டாம்.

இங்கே முழங்கால் அளவு பனி கொட்டிவிட்டது. சாம்பவி வேலைக்குப் போக முன்னம் முழுவதையும் தனியாய் அள்ளினாள்.

அக்கா


பெமிட்ஜி
5 மார்ச் 2025

அன்பின் அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான். உங்கள் ஜனவரிக் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாலு மாதமாய்ப் பனியிலும் மழையிலும் அந்நியன் ஒருவனுக்குப் பின்னால் கள்ளி மாதிரித் திரிந்தது உங்களுக்காக. என் பிள்ளைக்கு மாப்பிள்ளை பிடித்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அட்சயாவுக்கு அவளே ஒருவரைப் பார்த்துவிட்டாள். வைகாசியில் உங்களுக்கு அழைப்பு வரும். இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

ஆனால் போன ஞாயிறு கிருபன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாய் தனக்கு வந்த ஒரு கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறா, அதைக் காட்டினார். மொட்டைக்கடிதம்தான். பெரிய பெரிய கோணல் எழுத்து, இடது கையால் எழுதியது மாதிரி. நான் பார்த்து எழுதிவைத்தேன், நீங்களும் வாசியுங்கள்:

'பெண் தங்கமான பிள்ளை. படிப்பு, குணம், கைப்பக்குவம் எதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தாய் பேபி பொல்லாத சந்தேகக்காரி. மருமகனை நிம்மதியாய் வாழவிடமாட்டாள். இவளைச் சம்பந்தி ஆக்கினால் உங்கள் குடும்பம் உருப்படாது. யோசித்துச் செய்யுங்கள். இப்படிக்கு நலன்விரும்பி.'

பெண்ணின் பெயரைக் கெடுக்கத்தான் உலகத்தில் மொட்டைக்கடிதம் எழுதுவார்கள். இதை எழுதினவருக்குச் சாம்பவியைப் பற்றி ஒரு குறை எழுதக் கை வரவில்லை. அந்தப் பேப்பரில்கூட அவளைத் தங்கம் என்றுதான் எழுத முடிந்தது. அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும், அக்கா. எனக்குத் தெரிந்த அந்த ஆள், கடிதம் வந்த கதை வெளியே வர முன்னமே மொட்டைக்கடிதம் வந்திருக்கும் என்று எனக்கு எழுதியும் விட்டா.

தன் தாய் சொன்னதைக் கிருபன் சிரித்துக்கொண்டு சொன்னார்: "பொல்லாத தாய்க்குத் தங்கமான பிள்ளை எப்பிடி வந்தது? ஆரோ வேணுமெண்டு எழுதினது, நீ ஒண்டும் யோசிக்காத." ஆனால் ஏழு மாதமாய்ப் பார்த்துப் பார்த்து அவவுக்கும் களைத்துவிட்டது. சித்திரைக்கு முன்னம் முடிவு தெரியாவிட்டால் வேறு இடம் பார்க்கப் போகிறாவாம்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சாம்பவியிடம் நீங்களே சொல்லுங்கள். இந்த மாதம் முடிய முன்னம் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். நீங்கள் என்னோடு ஆயுசுக்கும் கோபித்தாலும் சொல்லுவேன்.

உங்கள் தங்கை,
ரதி


அஜின்கோர்ட்
24 மார்ச் 2025

அன்புள்ள ரதி,

நீயும் செல்வரட்ணமும் சுகமாயிருக்க வேண்டும். அட்சயா நன்றாய் இருக்கட்டும். அவளைப் பற்றி எழுதின கைக்குத் தண்டனை கொடுக்கலாம் என்றால், அதே கையால்தான் அந்த மொட்டைக்கடிதத்தையும் எழுதினேன். இடது கையால் இல்லை. வலது கையால், கண்ணாடி போடாமல்.

உன் அத்தான் காலமாகிப் பதினொரு வருஷம். பின்னேரம் ஐந்தரைக்குச் சாம்பவியின் கார் வந்து கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால்தான் நான் தேத்தண்ணீருக்கு வைப்பேன். உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்று, குறை ஒன்றும் இல்லை என்று நீ எழுதியதை வாசித்துவிட்டுத் தேத்தண்ணீருக்கு வைக்கவும் மறந்துபோனேன். சந்தோஷத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பயம், ரதி. நீ ஒவ்வொரு குறையாய் இல்லை என்று எழுத எழுத, அவள் ஒவ்வொரு அடியாய் வீட்டைவிட்டுப் போவதாய்த்தான் எனக்குத் தெரிந்தது. அவன் கூடாதவனாய் இருக்கவேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைக்காத குறை. பெற்ற தாய் இப்படி நினைப்பாளா என்று கேட்காதே. நினைத்தேன்.

போன சனிக்கிழமை சாம்பவியைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களைக் கிழிக்கவில்லை, எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். கிருபனுடைய நம்பரையும் கொடுத்தேன். அவள் சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். கடிதங்களை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். பிறகு உள்ளே போனில் கதைக்கும் சத்தம் கேட்டது. இரவு அவள் சிரித்ததும் கேட்டது. அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் நான் எப்போது கேட்டேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி அவள் மினியாபொலிஸுக்கு விமானம் ஏறுகிறாள். அவன் வந்து கூட்டிக்கொண்டு போவானாம். உங்கள் வீட்டில்தான் தங்குவாள். அவளைக் கவனமாய்ப் பார்த்துக்கொள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதைச் சொன்னதைத் தவிர இரண்டு நாள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. இன்று காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றபடி கேட்டாள்: "அம்மா, லண்டன்காரன் சரி, அவன் கள்ளன். மற்ற ரெண்டும் எப்பிடி நிண்டது?"

"சத்தியமாய் எனக்குத் தெரியாது பிள்ளை. அது நானில்லை."

என் முகத்தைப் பார்த்தாள். நான் ஊரில் எல்லோரையும் எப்படிப் பார்ப்பேனோ, அப்படியே பார்த்தாள். "ஓகே" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மற்ற இரண்டும் தாங்களாகவே நின்றவை. எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் அதை அவளுக்கு எப்படிக் காட்டுவேன்? யாரிடம் விசாரி என்று சொல்வேன்? முப்பத்திநாலு வருஷம் ஒருவரையும் நம்பாதே என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்தேன்.

ரதி, உண்மையாகவே அது நானில்லை. நீயாவது நம்புகிறாய்தானே? உடனே பதில் எழுது.

அக்கா,
பேபி